போருக்குச் சட்டம் எழுதியவர் விட்டுச்சென்ற காகிதங்கள்



வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிய பிறகு, அவருடைய அலமாரியைத் திறந்து பார்ப்பது எளிதான காரியமல்ல. வீடு, நகை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை என்ன செய்வது என்று உறவினர்கள் கூடிப் பேசி முடிவெடுத்துவிடுவார்கள். காகிதங்களைப் பார்த்ததும்தான் கை தயங்கும். பழைய கடிதங்கள், கணக்கு நோட்டுகள், யாருக்கோ எழுதிவிட்டு அனுப்பாமலே வைத்த தாள்கள் என்று பலவும் இருக்கும். சிலவற்றைப் படித்தால் பெருமையாக இருக்கும். வேறு சிலவற்றைப் படித்தால், “இதை ஏன் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார்?” என்று மனம் சங்கடப்படும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அப்படி ஒருவர் விட்டுச்சென்ற காகிதங்களைப் பற்றித்தான். அவர் பெயர் பிரான்சிஸ் லீபர். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க் நகரின் கொலம்பியா சட்டப் பள்ளியில் பேராசிரியராக இருந்து, 1872-ஆம் ஆண்டில் மறைந்தவர். அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் பெரும்பாலும் கலிபோர்னியா மாநிலத்தில் சான் மரீனோ என்னும் ஊரில் உள்ள ஹண்டிங்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்திலும் மேலும் சில பகுதிகள் உள்ளன.

ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் பழைய காகிதங்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிடிபட்ட கைதியைச் சித்திரவதை செய்யக்கூடாது, காயம்பட்ட எதிரிக்கும் மருத்துவம் பார்க்க வேண்டும், மருத்துவமனைகளைக் காக்க வேண்டும் என்பவையெல்லாம் இன்று உலக நாடுகள் ஒப்புக்கொண்ட போர் விதிகள். இத்தகைய விதிகளை ஓர் அரசாங்கம் ஒரே தொகுப்பாக எழுதி, தன் படைக்கு உத்தரவாகவே கொடுத்தது நவீன காலத்தில் முதன்முதலாக 1863-ஆம் ஆண்டில்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கூறுவர். அந்தத் தொகுப்பை எழுதியவர் இந்த லீபர்தான். அந்தச் சட்டத்தின் வழி வந்த விதிகள் பிற்காலத்தில் சிங்கப்பூர் நீதிமன்றம் வரைக்கும் வந்து சேர்ந்தன.

ஆனால், சட்டத்தைப் புகழ்வது மட்டும் இன்றைய நோக்கமன்று. அந்த நல்ல சட்டத்தை எழுதிய கை, குறையே இல்லாத கையாக இருக்கவில்லை. அதை வேறு யாரும் சொல்லவில்லை; அவருடைய காகிதங்களே சொல்கின்றன. அப்படியானால் சட்டத்தின் மதிப்பு குறைந்துவிடுமா? அந்தக் காகிதங்களைக் காப்பாற்றி வைத்தது சரிதானா? இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய கதையைக் கேளுங்கள்.

போரும் சிறையும் கண்ட இளைஞர்

லீபர், 18-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பெர்லின் நகரில் பிறந்தார். 1806-ஆம் ஆண்டில் நெப்போலியனின் படை பெர்லினுக்குள் அணிவகுத்து நுழைந்ததைச் சிறுவனாக இருந்து பார்த்தவர் அவர். 1815-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் படையில் சேர்ந்தார். புகழ்பெற்ற வாட்டர்லூ போர் நடந்து இரண்டே நாட்கள் கழித்து, நாமூர் என்ற இடத்தில் நடந்த சண்டையில் அவருடைய கழுத்திலும் மார்பிலும் குண்டு பாய்ந்தது. செத்தவர்களோடு செத்தவராகக் களத்திலே கிடந்து, பிழைத்து எழுந்தார். காயம்பட்ட வீரன் எப்படிக் கிடப்பான் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ஊர் திரும்பியவரை அரசாங்கம் நிம்மதியாக இருக்க விடவில்லை. சுதந்திரக் கருத்துகளைப் பேசும் மாணவர் என்று 1819-இல் சிறையில் அடைத்தது. வெளியே வந்தவர், துருக்கியருக்கு எதிராகக் கிரேக்கர்கள் நடத்திய விடுதலைப் போரில் சேரப் புறப்பட்டுப் போனார். அங்கே கண்ட காட்சிகளால் மனம் கசந்து, ரோம் நகரை அடைந்தார். அங்கே பிரஷ்யத் தூதராக இருந்த நீபூர் என்ற வரலாற்றாசிரியர் அவருக்கு அடைக்கலம் தந்து, தம் மகனுக்கு ஆசிரியராகவும் வைத்துக்கொண்டார். பெர்லினுக்குத் திரும்பியதும் 1824-இல் மீண்டும் சிறை. இனி இந்த நாட்டில் வாழ முடியாது என்று 1826-இல் லண்டனுக்கும், 1827-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கும் கப்பல் ஏறினார்.

பாஸ்டனில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? உடற்பயிற்சிக் கூடமும் நீச்சல் பள்ளியும் நடத்துவது! முனைவர் பட்டம் பெற்றவர் அதையும் செய்தார். அதோடு நிற்காமல், ஜெர்மானியக் கலைக்களஞ்சியம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு ‘என்சைக்ளோபீடியா அமெரிக்கானா’வை 1829 முதல் 1833 வரை 13 தொகுதிகளாக வெளியிட்டார். அதன் பயனாகக் கற்றவர்களின் நட்பு கிடைத்தது. ஹார்வர்டின் நீதிபதி ஜோசப் ஸ்டோரி, பிரெஞ்சு அறிஞர் டோக்வில், பின்னாளில் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய சார்ல்ஸ் சம்னர் ஆகியோர் அவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தனர். நட்பு கிடைத்ததே தவிர, நிரந்தரமான சம்பளம் கிடைக்கவில்லை. மனைவி மட்டில்டா, வளரும் பிள்ளைகள், கையிலோ பணமில்லை. அந்த நேரத்தில் தென் கரோலினாக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1835-இல் குடும்பத்தோடு தெற்கே போனார்.

ஊருக்கு உபதேசமா?

தென் கரோலினா, அடிமை முறையில் ஊறிப்போன மாநிலம். பருத்தி வயலில் மட்டுமல்ல, பேராசிரியர்களின் வீட்டிலும் அடிமைகளே வேலை செய்தார்கள். சுதந்திரத்துக்காக இரண்டு முறை சிறை சென்றவர் அங்கே என்ன செய்தார்?

அவரும் அடிமைகளை விலை கொடுத்து வாங்கினார்.

இதைச் சொல்லும்போது நமக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால், அவருடைய சொந்தக் காகிதங்களிலேயே இதற்கான சான்று இருக்கிறது. வாங்கிய அடிமைகளைப் பற்றிய பேச்சும், அவர்களுள் ஒரு பெண் இறந்தபோது அந்த இழப்பைப் பணக் கணக்கில் நினைத்துப் பார்த்ததும் அவற்றில் உள்ளன. அதே காகிதங்களில், அடிமை முறை தவறானது, அது நாட்டுக்கே கேடு என்ற எண்ணங்களும் இருக்கின்றன. தெற்கின் பெரும் தலைவராக விளங்கிய ஜான் கால்ஹூனுக்கு எழுதுவதுபோல, அடிமை முறையை எதிர்த்து ஒரு கடித வரிசையையே அவர் எழுதினார். எழுதினாரே தவிர, அப்போது வெளியிடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம். அந்தத் தாள்கள் பெட்டிக்குள்ளேயே தூங்கின.

இந்தக் காலத்தில் அவர் வெளியிட்ட புத்தகங்களைப் பாருங்கள். 1838-இல் அரசியல் அறம் பற்றி ஒரு பெரிய நூலின் முதல் தொகுதி வந்தது. 1839-இல் சட்டத்துக்குப் பொருள் காண்பது எப்படி என்று ஒரு நூல், 1853-இல் குடிமக்கள் சுதந்திரம் பற்றி ஒரு நூல். சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, சுதந்திரமில்லாத ஒருவர் அந்த வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குத்தான் உபதேசமா என்று நாம் கேட்டால், அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது.

அந்தக் கேள்வியை அவருடைய நண்பரே கேட்டார். சார்ல்ஸ் சம்னரும் லீபரும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். 1850-களில், லீபர் அடிமை முறைக்குச் சப்பைக்கட்டு கட்டுகிறார் என்று சம்னர் கருதினார். நட்பு முறிந்தது. உள்நாட்டுப் போர் வந்த பிறகுதான் இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டிருந்ததால் லீபருக்கு நன்மை ஏதும் விளைந்ததா? அதுவும் இல்லை. 1855-இல் கல்லூரித் தலைவர் பதவிக்கு அவர் போட்டியிட்டபோது, இவர் மனத்தில் அடிமை முறைக்கு எதிரானவர் என்ற சந்தேகமும் சேர்ந்து அவரைத் தோற்கடித்தது. மனம் நொந்து வேலையை விட்டார். 1857-இல் நியூயார்க் நகரின் கொலம்பியாக் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. 1865-இல் அதன் சட்டப் பள்ளிக்கு மாறி, கடைசி வரை அரசமைப்பு வரலாறும் பொதுச் சட்டமும் கற்பித்தார்.

மூன்று பிள்ளைகள், இரண்டு படைகள்

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. அடிமை முறையைக் காக்கத் தென் மாநிலங்கள் பிரிந்து போயின. ஒன்றிய அரசு அவற்றை எதிர்த்துப் படை திரட்டியது. லீபரின் குடும்பம் இரண்டாகப் பிளந்தது.

மூத்த மகன் ஆஸ்கார், தென் கரோலினாவில் வளர்ந்தவர். அந்த மாநிலத்தின் நிலவியல் ஆய்வாளராகவும் பணியாற்றியவர். அவர் தெற்கின் படையில் சேர்ந்தார். ஹாமில்டன், நார்மன் என்ற மற்ற இரு மகன்களும் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள். அண்ணனும் தம்பிகளும் எதிரெதிர் அணியில் நின்றால் தகப்பனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

1862 பிப்ரவரியில், டென்னசி மாநிலத்தின் டோனல்சன் கோட்டைச் சண்டையில் ஹாமில்டன் படுகாயமடைந்தார். செய்தி கேட்டு நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட தந்தை, மகனைத் தேடி ஒவ்வொரு மருத்துவமனையாக அலைந்தார். கண்டுபிடித்தபோது மகனுக்கு ஒரு கை இல்லை. சில மாதங்கள்கூட ஆகவில்லை. வர்ஜீனியாவில் நடந்த சண்டையில் காயமடைந்த ஆஸ்கார், 1862 ஜூன் மாதம் ரிச்மண்ட் நகரில் உயிர்விட்டார். எதிரியின் தலைநகரில் எதிரிப் படை வீரராகத் தம் தலைமகன் இறந்துபோக, அருகிலிருந்து கண்ணீர்விடக்கூட அந்தத் தகப்பனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த இடத்தில் சட்ட வரலாறு தொடங்குகிறது. ஹாமில்டனைத் தேடிப் போன பயணத்தில் லீபருக்கு ஹென்றி ஹாலெக் என்ற படைத்தலைவரின் உதவி கிடைத்தது. ஹாலெக் ஒரு வழக்கறிஞர். சர்வதேசச் சட்டம் பற்றி நூல் எழுதியவர். அதே ஆண்டில் அவர் ஒன்றியப் படைகளுக்கெல்லாம் தலைமைத் தளபதியானார். சீருடை இல்லாமல் ஒளிந்திருந்து தாக்கும் கெரில்லாக்களை எப்படி நடத்துவது என்று அவர் லீபரிடம் கருத்துக் கேட்டார். லீபர் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் போதாது, போர் முழுவதற்கும் விதிகள் வேண்டும் என்பது லீபரின் எண்ணம். 1862 டிசம்பரில், படைத்தலைவர்கள் சிலரோடு அவரையும் சேர்த்து ஒரு குழு அமைக்கப்பட்டது. வரைவை எழுதியது பெரும்பாலும் லீபர்தான். 1863 பிப்ரவரியில் வரைவை அச்சிட்டுக் கருத்துக் கேட்டார். ஹாலெக் தம் கைப்பட ஓரத்தில் குறிப்புகள் எழுதிய வரைவுப் படி ஒன்று ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது.

1863 ஏப்ரல் 24 அன்று, அதிபர் ஆபிரகாம் லிங்கனின் ஒப்புதலுடன், அது ‘பொது ஆணை எண் 100’ என்ற பெயரில் வெளிவந்தது. மொத்தம் 157 விதிகள். உலகம் அதை ‘லீபர் சட்டத் தொகுப்பு’ என்று அழைக்கிறது.

157 விதிகள் சொன்னது என்ன?

போர் அவசியம் என்று சொல்லிக் கொடுமை செய்யக்கூடாது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. வாக்குமூலம் வாங்குவதற்காகச் சித்திரவதை செய்யக்கூடாது. நஞ்சைப் பயன்படுத்தக்கூடாது. ஏற்கெனவே செயலிழந்து கிடக்கும் எதிரியை மேலும் காயப்படுத்துபவனுக்கும் கொல்பவனுக்கும் மரண தண்டனை. பிடிபட்ட கைதிக்கு நல்ல உணவு தர வேண்டும். காயமிருந்தால் மருத்துவம் பார்க்க வேண்டும். ஆயுதம் ஏந்தாத குடிமக்களின் உயிரையும் உடைமையையும் மானத்தையும் முடிந்தவரை காக்க வேண்டும். நூலகங்கள், கலைப் பொருள்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றுக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு விதிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, தப்பியோடி ஒன்றியப் படையிடம் வந்து சேரும் அடிமை அந்தக் கணமே விடுதலை பெறுகிறான். அடிமை முறைக்கு இயற்கையின் சட்டத்தில் இடமில்லை. மற்றொன்று, படைவீரர்களுள் நிறத்தால் வேற்றுமை கிடையாது. பிடிபட்ட கறுப்பின வீரர்களை எதிரி அடிமைகளாக விற்றால் அதற்குக் கடுமையான பதிலடி உண்டு.

இந்த வரிகளை எழுதியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர்! கால்ஹூனுக்கு எழுதிப் பெட்டியில் மறைத்து வைத்த கருத்து, இப்போது அதிபரின் ஒப்புதலோடு நாட்டின் உத்தரவாகிவிட்டது. பயந்து பயந்து அடக்கி வைத்திருந்ததைக் கடைசியில் உரக்கச் சொல்லிவிட்டார். ஆனால், அவர் வாங்கிய மனிதர்களுக்கு அந்தத் தாமதத்தின் விலை என்ன என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

சட்டத்திலும் ஓட்டைகள் இருந்தன. போர் எவ்வளவு கடுமையாக நடக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் முடியும், அதுவே மனிதநேயம் என்று லீபர் நம்பினார். அதனால் எதிரியைப் பட்டினி போடுவதற்கும், முற்றுகையிட்ட ஊரிலிருந்து வெளியேறும் மக்களை மீண்டும் உள்ளே விரட்டுவதற்கும் அந்தத் தொகுப்பு இடம் கொடுத்தது. தம் படையே அழியும் நிலை வந்தால், சரணடைபவரை ஏற்காமல் இருக்கலாம் என்றும் ஒரு விதிவிலக்கு இருந்தது. தெற்கின் போர்த்துறைச் செயலாளர் செடன் அப்போதே இதைச் சுட்டிக்காட்டினார். ஒரு விதி தடுப்பதை இன்னொரு விதி அனுமதிக்கிறதே என்பது அவருடைய கண்டனம். எதிரி சொன்னதாலேயே அது பொய்யாகிவிடாது.

எதிரியின் பெட்டிகள்

1865-இல் போர் முடிந்தது. தெற்கின் அரசாங்கம் விட்டுச்சென்ற ஆவணங்கள் நூற்றுக்கணக்கான பெட்டிகளிலும் பீப்பாய்களிலும் வாஷிங்டன் வந்து சேர்ந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்கும் அலுவலகத்துக்கு யாரைத் தலைவராக்கினார்கள் தெரியுமா? நம் லீபரைத்தான். இளைய மகன் நார்மன் துணைக்கு நின்றார்.

அந்த வேலைக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. லிங்கன் 1865 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தெற்கின் தலைவர் ஜெபர்சன் டேவிஸுக்கும் அந்தக் கொலைக்கும் தொடர்பு இருந்தது என்று பலர் நம்பினார்கள். அதற்கான சான்று இந்தப் பெட்டிகளில் இருக்கும், எடுத்துக் கொடுங்கள் என்பதே அரசாங்கத்தின் விருப்பம். லீபருக்கும் தெற்கின் தலைவர்கள் மீது கோபம் இல்லாமலா இருந்திருக்கும்? அவர்கள் தொடங்கிய போரில் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். இன்னொரு மகனை ஒரு கையோடு பார்த்தவர்.

அந்தப் பெட்டிகளைக் குடைந்து தேடினார்கள். நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சான்று கிடைக்கவில்லை. டேவிஸ் 1867-இல் பிணையில் வெளிவந்தார். 1869-இல் அவர் மீதான வழக்கே கைவிடப்பட்டது. எதிரியின் காகிதம்கூட நம் விருப்பத்துக்கு ஏற்றபடி பேசாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. அந்தத் தெற்கின் ஆவணங்கள் அழிக்கப்படவில்லை. பிற்காலத்தில் இரு தரப்பு ஆவணங்களையும் சேர்த்து அமெரிக்க அரசாங்கம் 128 புத்தகங்களாக வெளியிட்டது. இன்று அந்தப் போரைப் பற்றி எழுதும் எவரும் அவற்றைத் தொடாமல் எழுத முடியாது.

நம் வட்டாரத்துக்கு வந்த சட்டம்

லீபர் 1872 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கில் காலமானார். ஆனால், அவருடைய விதிகள் பயணத்தைத் தொடர்ந்தன. 1874-இல் பிரசல்ஸ் நகரில் கூடிய மாநாடு அவற்றைப் பின்பற்றி ஒரு வரைவை உருவாக்கியது. அதன் தொடர்ச்சியாக 1899-இலும் 1907-இலும் ஹேக் நகரில் கூடிய நாடுகள், தரைப் போருக்கான விதிகளை உடன்படிக்கையாகவே ஏற்றுக்கொண்டன. ஜப்பானும் அவற்றுள் ஒன்று.

நல்லது மட்டும் வந்ததா? இல்லை. நம் அண்டை நாடான பிலிப்பைன்சில், 1899 முதல் 1902 வரை அமெரிக்கப் படை விடுதலைப் போராளிகளோடு மோதியது. அப்போது மக்களைக் கூட்டங்கூட்டமாகக் குறுகிய எல்லைக்குள் அடைத்து வைத்ததற்கும், கெரில்லாக்களைக் கடுமையாக நடத்தியதற்கும் படைத்தலைவர்கள் இதே பொது ஆணை 100-ஐத்தான் மேற்கோள் காட்டினார்கள். நான் முன்பு சொன்ன ஓட்டைகள் வழியாகத்தான் அந்தக் கொடுமைகள் நுழைந்தன. பத்து வயதுக்கு மேற்பட்ட, ஆயுதமேந்தக்கூடிய எல்லாரையும் கொல்லச் சொன்ன ஜேக்கப் ஸ்மித் என்ற தளபதி 1902-இல் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டதும் உண்மை. அவருக்குக் கிடைத்தது வெறும் கண்டிப்பும் கட்டாய ஓய்வும்தான் என்பதும் உண்மை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர்கள் சொல்வது சும்மாவா?

ஆனால், அந்த ஏடு ஒருநாள் உதவவும் செய்தது. 1943 செப்டம்பரில் நேச நாட்டு வீரர்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் நுழைந்து கப்பல்களைத் தகர்த்தார்கள். சாங்கியில் அடைக்கப்பட்டிருந்தவர்களே இதற்கு உடந்தை என்று ஜப்பானிய இராணுவக் காவல் படையான கெம்பெத்தாய் சந்தேகித்தது. அக்டோபர் 10 தொடங்கி 57 பேரைப் பிடித்துச் சென்று, வாக்குமூலம் கேட்டுச் சித்திரவதை செய்தது. 15 பேர் இறந்தார்கள். ஜப்பான் சரணடைந்த பிறகு, 1946-இல் சிங்கப்பூர் உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் 21 பேர் மீது வழக்கு நடந்தது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சான்று போதாதவர்கள் விடுவிக்கவும் பட்டார்கள். வாக்குமூலத்துக்காகச் சித்திரவதை கூடாது என்று 1863-இல் நியூயார்க்கில் ஒரு பேராசிரியர் எழுதிய விதியின் வம்சாவளியில் வந்ததுதான் அந்த நீதி.

சிங்கப்பூரில் மட்டும் இப்படி 131 வழக்குகள் விசாரிக்கப்பட்டன. சயாம் மரண ரயில் பாதை தொடர்பான வழக்குகளும் அவற்றுள் அடங்கும். அங்கே போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்கார வீரர்கள், உயிரைப் பணயம் வைத்து மூங்கிலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் நாட்குறிப்புகளை ஒளித்து வைத்தார்கள். யார் எப்போது எதனால் இறந்தார் என்று பட்டியல் எழுதினார்கள். போர் முடிந்ததும் அந்தக் காகிதங்கள் சாட்சி சொன்னன. நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர்களின் கதை என்ன? ஆசியத் தொழிலாளர்களைப் பற்றிய வழக்குகளும் நடந்தன. ஆனால், மிகக் குறைவு. இறந்தவர்களுக்கு முறையான பெயர்ப் பட்டியல் இல்லை. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று இன்றுவரை சரியான கணக்குச் சொல்ல ஆளில்லை. சட்டம் இருந்தது, நீதிமன்றமும் இருந்தது. காட்டுவதற்கு நம்மிடம் காகிதம் இல்லை.

காகிதங்களை என்ன செய்வது?

தொடக்கத்தில் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

லீபரின் மறைவுக்குப் பிறகு, அவருடைய மனைவி மட்டில்டா அவரது கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். 1882-இல் அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்த கடிதங்கள் ஒரு நூலாக வந்தன. குடும்பத்தின் துணையோடு வந்த நூல், அவருடைய பெருமையைச் சொல்வதற்காக வந்த நூல். மற்றவற்றை அப்போதே அடுப்பில் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. போடவில்லை. அதனால்தான் 1947-இல் பிராங்க் பிரீடல் என்ற வரலாற்றாசிரியர் லீபரின் முழு வாழ்க்கையையும் எழுத முடிந்தது. 2012-இல் ஜான் பேபியன் விட் என்ற சட்டப் பேராசிரியர், இந்தச் சட்டத் தொகுப்பின் வரலாற்றை அதன் நன்மை தீமைகளோடு எழுத முடிந்தது.

எழுதியவர் குறையுள்ளவர் என்பதால் சட்டத்தின் மதிப்பு குறையாது என்பதே என் கருத்து. கைதியை அடிக்காதே என்ற சொல், யார் வாயிலிருந்து வந்தாலும் கைதிக்கு நன்மைதான். ஆனால், எழுதியவரைத் தெய்வமாக்கிவிட்டால் சட்டத்தின் ஓட்டைகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பிலிப்பைன்சில் நடந்ததுபோல, அந்த ஓட்டைகளுக்கு அப்பாவிகள் விலை கொடுக்க வேண்டிவரும். முழுக் காகிதங்களும் இருந்தால்தான் பெருமையையும் பிழையையும் சேர்த்துப் பார்க்க முடியும்.

ஆகவே நேயர்களே, உங்கள் தாத்தாவின் பெட்டியில், பாட்டியின் பிஸ்கட் டின்னில் பழைய தாள்கள் இருந்தால் அவசரப்பட்டுக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சம்பளச் சீட்டாக இருக்கலாம், கப்பல் பயணச் சீட்டாக இருக்கலாம், கடன் கணக்காக இருக்கலாம், படித்தால் தலைகுனிய வைக்கும் ஒரு கடிதமாகவும் இருக்கலாம். பெயரையும் ஆண்டையும் ஓர் ஓரத்தில் பென்சிலால் குறித்து, கறையான் அரிக்காத இடத்தில் எடுத்து வையுங்கள். பிள்ளைகளிடம் காட்டுங்கள். இன்று நமக்கு வெறும் தாளாகத் தெரிவது, நாளைக்கு ஒருவருக்கு நியாயம் கேட்கும் சாட்சியாக நிற்கக்கூடும்.